தண்டர் டைட்டஸ்: இரண்டாம் பக்கம்

சிரிக்க வேண்டும். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே சிரிக்க வேண்டும், ஆனால் ஒரே சிரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரிந்துபோகும், பாட்டு ஏறும்போது முகமும் ஏற வேண்டும், இறங்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கண்ணை மூட வேண்டும், ஆனால் பாட்டு எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லையே. அதனால் நிரஞ்சனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிரஞ்சன் ரெகார்ட் கம்பெனிக்காரர், இந்த இசைத்தட்டை மாதிரிக்கு ஒன்று போட்டுக்கொண்டுவந்தவர், நாற்பது வயது இருக்கும், ஸ்டூலில் உட்கார்ந்து குதிகாலால் தரையைத் தட்டுகிறார், முழங்கால் ஆடுகிறது. அந்த முழங்கால்தான் இப்போதைக்கு எனக்கு டிரம்ஸ் அடிக்கிற டைட்டஸ். அது துள்ளினால் நான் தலையாட்டுகிறேன், அது நிதானித்தால் நானும் நிதானிக்கிறேன். காலுக்குக் கீழே மொசைக் தரை லேசாக அதிர்கிறது, அதில் தாளம் ஒன்றும் பிடிபடவில்லை, பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே பதினாறு பேர் மூச்சைப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும், அத்தனை பித்தளையும் இந்த அறையில் நிரம்பியிருக்கிறது, நான் அதற்கு நடுவில் கிணற்றுத் தண்ணீருக்குள் முங்கி உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பெர்சிஸ் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். உதடு ‘அப்பா’ என்றது தெரிந்தது, மற்றது தெரியவில்லை. சிரித்தேன். அவளும் சிரித்தாள். சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பாட்டுக் கேட்பது, இதைவிடச் சாதாரணமான காரியம் உண்டா, இந்தப் பெங்களூரில் எத்தனை வீட்டில் இந்த நிமிஷம் இதுதான் நடந்துகொண்டிருக்கும். பெர்சிஸ் கீழே பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். டைட்டஸின் ஒரே பெண். அறுபதைத் தாண்டியவள், முட்டி வலி என்று காலையில்தான் சொன்னாள், அப்பாவின் இசைத்தட்டு சுழல ஆரம்பித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி தரையில் இறங்கிவிட்டாள். என் பக்கத்தில் சோபாவில் என் மகள் ரோஸலின், அவள் கை என் முழங்கை மேல் இருக்கிறது, நான் விழுந்துவிடுவேன் என்று எப்போதும் அவளுக்கு ஒரு பயம். பெர்சிஸ் அவளுக்குத்தான் போன் செய்தாளாம். ரோஸலின் வந்து என் காதுக்குள் கத்திச் சொன்னாள். “டாடி, டைட்டஸ் மாஸ்டர் வாசிச்சதையெல்லாம் சேத்து ஒரே தட்டாப் போடறாங்களாம். யார் யார் எதை வாசிச்சாங்கன்னு சொல்றதுக்கு உங்களை விட்டா ஆளே இல்லைன்னு பெர்சிஸ் அழுவுது.” ஆளே இல்லை என்பது உண்மைதான். டைட்டஸ் போய் ரொம்ப காலமாயிற்று. டிரம்பெட் வரிசை மொத்தமும் போயிற்று, டிராம்போன்காரர்கள் போனார்கள், போன மழைக்காலத்தில் என் பக்கத்து நாற்காலி மனாசேயும் போனான். மிச்சம் நான். மிச்சம் என்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள், மிச்சம் என்பதற்காக சோபாவில் தலையணை வைத்திருக்கிறார்கள், பிரியாணியில் எனக்கு மட்டும் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கிப் போட்டாள் பெர்சிஸ், இதெல்லாம் இந்தக் காதுகளுக்காக, டைட்டஸ் ஆர்க்கெஸ்ட்ராவை உள்ளே இருந்து கேட்ட கடைசி இரண்டு காதுகள். அந்தக் காதுகள் செத்துப்போயின என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது. பிரியாணி சாப்பிடுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். போன் வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ரோஸலினுக்கே தெரியாதே.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் டாடிக்குக் காது மந்தம், மெஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று, சரியாகிவிட்டது. மெஷின் பேச்சுக்குப் பரவாயில்லை. பக்கத்தில் வந்து ஒருத்தர் நிதானமாகப் பேசினால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும், மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பாட்டு போட்டால்தான் சித்திரவதை. முதல் தடவை மெஷினை மாட்டிக்கொண்டு ரேடியோவைத் திருகினேன், ஆசையாகத்தான் திருகினேன், தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம், அதில் எது குரல் எது வயலின் எது தபலா, ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே கீறல். கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒரு முழு மத்தியானம் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் டாடி இப்பல்லாம் பாட்டே கேக்கறதில்லை என்று ரோஸலின் கேட்டாள். சலிச்சுப்போச்சும்மா என்றேன். அவள் நம்பிவிட்டாள். இப்போதும் மெஷின் காதில்தான் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு இருக்கிறது, இசைத்தட்டு சுழல ஆரம்பித்ததும் காதைச் சொறிகிற மாதிரி சொறிந்து அணைத்துவிட்டேன். பாட்டு முடிந்ததும் மறுபடி சொறிந்து போட்டுக்கொள்கிறேன். தட்டின் முதல் பக்கம் முழுக்க இப்படியே தப்பித்தேன். முதல் பக்கத்தில் எனக்குக் கேள்வியும் சுலபம், நிரஞ்சன் கிட்டே வந்து அட்டையில் பாட்டின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார், “டிரம்பெட் சோலோ யார் சார்?” பாட்டின் பெயரே போதும், அந்தப் பாட்டுக்கு டிரம்பெட் எப்போதும் லாரன்ஸ்தான், சொன்னேன். “பியானோ?” டாக்டரம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற மிசஸ் பென்னட். சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நிரஞ்சன் ஆஹா என்றார். என்ன ஞாபகம் சார் உங்களுக்கு என்றார். ஞாபகம்தான், ஞாபகம் மட்டும்தான், அவர் அதைக் காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தட்டின் மாதிரி அட்டை என் மடியில் இருக்கிறது. கனமான அட்டை, கையில் நழுவுகிற வழவழப்பு. தண்டர் டைட்டஸ் என்று பெரிய சிவப்பு எழுத்து. நடுவில் டைட்டஸ், டிரம்ஸுக்குப் பின்னால், இரண்டு குச்சியும் தலைக்கு மேலே, வாய் திறந்திருக்கிறது, நெற்றியில் முடி விழுந்திருக்கிறது. தங்க வயலில், சுரங்கக்காரர்களின் கிளப்பில் எடுத்த படம் இது. படத்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோம், அகலப் படம், ஆனால் அட்டை சதுரம் இல்லையா, வெட்டியிருக்கிறார்கள். டைட்டஸ் மிஞ்சினார். இடது மூலையில் ஒரு கோட்டுக் கை மடங்கி நிற்கிறது, அதற்குக் கீழே கிளாரினெட்டின் வாய், கறுப்பாக ஒரு புனல். அது என் முழங்கை. கோட்டுத் துணியின் கோடு எனக்குத் தெரியும், என் மனைவி மேரி தைத்த கை, ஒரு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டாள், சட்டை வெளியே தெரியும். பெர்சிஸிடம் காட்டலாமா என்று நினைத்தேன், பாரும்மா இது நான். முழங்கையைக் காட்டிப் பெருமைப்படுகிற கிழவன் என்று நினைப்பாள். காட்டவில்லை. டைட்டஸ்தான் தலைவர், டைட்டஸ் படம்தான் வர வேண்டும், அதில் என்ன. வேறு ஊர் ஆர்க்கெஸ்ட்ராக்களில் தலைவர் முன்னால் நின்று குச்சியை ஆட்டுவார், அல்லது டிரம்பெட் வாசிப்பார், டைட்டஸ் ஒருத்தர்தான் பின்னால் உட்கார்ந்து எங்களை ஓட்டினார், முதுகுக்குப் பின்னால் இருந்து. மரப் பலகை போட்டு உயரமாக, மேடையின் நடுவில், அவருக்கு நேர் கீழே முன்வரிசையில் சாக்ஸபோன்கள், சாக்ஸபோன்களில் நடுவுக்கு அடுத்த நாற்காலி நான், என் இடது காதுக்கும் டைட்டஸின் பெரிய சிம்பலுக்கும் ஒரு முழம் இருக்குமா. இருக்காது.

வருஷக்கணக்காக அந்த ஒரு முழம். அவர் சிம்பலை அடித்தால் என் பின்கழுத்தில் காற்று படும். முதலில் நடனம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் காதில் ஒரு இரைச்சல் இருந்தது, தங்கச் சுரங்கத்தின் சயனைட் கழிவு மேட்டைத் தாண்டி நடக்கும்போது காற்று என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மறுநாள் மத்தியானம்வரை இருந்தது. பிறகு போகவே இல்லை. இப்போதும் இருக்கிறது. காது கேட்காதவனுக்கு நிசப்தம் என்று நினைக்கிறார்கள், நிசப்தம் கிடைத்தால் நான் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன், எனக்கு அந்த சிம்பல்தான், அவர் என்றைக்கோ அடித்தது இன்னும் அடங்கவில்லை, தூங்கும்போதும் அடங்குவதில்லை. ஒரு தடவை கேட்டேன். ஒத்திகை முடிந்து எல்லோரும் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெரிய தட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமா மாஸ்டர் என்று. டைட்டஸ் சிரித்தார். அவர் பகலில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர், அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், எங்கேயும் கத்தித்தான் பேசுவார். “டேய் சவரி, சத்தம் வேணாம்னா கோயில்ல போயி ஆர்மோனியம் வாசிடா.” எல்லோரும் சிரித்தார்கள், மனாசே சிரித்தான், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேறு ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போயிருக்கலாம், ஓட்டலில் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் போகவில்லை. டைட்டஸ் அடிக்க ஆரம்பித்தால் நாற்காலியோடு என்னைத் தூக்கிவிடும், அதனால்தான். கீழே விடமாட்டார் என்று தெரியும். அந்த மாதிரி தூக்கிக்கொண்டு போகிறவரிடம் காதைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்று எத்தனை தடவை கேட்பது. மேரியிடம் சொன்னேன். பஞ்சு வச்சுக்குங்க என்றாள். பஞ்சு வைத்தால் என் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. எடுத்துவிட்டேன். இன்றைக்கு பெர்சிஸிடம் சொன்னால் என்ன ஆகும், உங்க அப்பாதாம்மா என் காதை எடுத்தார், இந்தத் தட்டில் சுழல்கிறாரே இவர்தான். அவள் முகம் என்ன ஆகும். பாயில் உட்கார்ந்திருக்கிறாளே, கண்ணை மூடிக்கொண்டு. அதையும் சொல்ல முடியாது.

முழங்கால் நின்றுவிட்டது. தலையாட்டுவதை நிறுத்தினேன். பாட்டு முடிந்திருக்கிறது. நிரஞ்சன் எழுந்து வருகிறார், காதைச் சொறிந்தேன், தகர டப்பா திறந்தது. “சார், அடுத்த பாட்டுதான் ரொம்ப முக்கியம். இதுலதான் உங்க ஹெல்ப் வேணும்.” விரல் அட்டையைத் தொட்டது. செகண்ட் ஷிஃப்ட். “இந்த டேப் எங்க எடுத்தது, என்னிக்கு எடுத்தது, ஒண்ணும் தெரியல சார். நடுவுல ஒரு கிளாரினெட் சோலோ வருது. இந்த ஆல்பம் முழுக்கக் கேட்டவங்க எல்லாரும் அதைத்தான் திரும்பத் திரும்பப் போடறாங்க. அது நீங்களா, மனாசே சாரா? அட்டையில பேர் போடணும். இது மாதிரிதான், நாளைக்கு அச்சுக்குப் போகுது.” ரோஸலின் என் முழங்கையை அழுத்தினாள். டாடியாத்தான் இருக்கும் என்றாள், எனக்குக் கேட்கவில்லை, அவள் உதடு சொன்னது. பெர்சிஸ் கையை உயர்த்தி, “சும்மா இருடி, அங்கிளே கேட்டுச் சொல்லட்டும்” என்றாள். நிரஞ்சன் முள்ளைத் தூக்கி வைத்தார். நான் காதைச் சொறிந்தேனா. சொறியவில்லை. சொறிய மறந்து முதல் சத்தம் மண்டைக்குள் கீறிக்கொண்டு போனது, பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தேன். அணைக்காமல் இருந்திருக்க வேண்டுமோ, பொறுத்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டுமோ, கீறலுக்குள்ளே ஒரு நூல் கிடைத்திருக்குமோ. மறுபடி போட்டேன். ஆணி. ஆணி. ஆணி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பெர்சிஸ் பார்த்துவிட்டாள், உருகிப்போனாள், கையெடுத்துக் கும்பிடாத குறை. அணைத்தேன்.

செகண்ட் ஷிஃப்ட் டைட்டஸ் தானே போட்ட பாட்டு. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் மேலே வந்து, சாலையில் கூட்டமாக, பேசிக்கொண்டு, தள்ளிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற நடை, அந்த நடைதான் தாளம். ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கக் கத்திக்கொண்டு வரும், ஒரு இடத்தில் எல்லோரும் சட்டென்று நின்றுவிடுவோம், ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமே இருக்காது, அந்த வெறுமைக்குள் கிளாரினெட் தனியாக நுழையும். கூட்டத்தில் இருந்து ஒருத்தன் பிரிந்து தன் சந்துக்குள் போகிற மாதிரி என்று டைட்டஸ் சொல்லுவார். மனாசேயும் நானும் இரண்டு பேருமே சாக்ஸபோனை வைத்துவிட்டுக் கிளாரினெட் எடுப்போம், அன்றைக்கு யார் என்பதை, நாங்கள் திரும்பிப் பார்க்கும்போது, டைட்டஸ் தாடையால் காட்டுவார், பெரும்பாலும் மனாசே, சில நாள் நான். மனாசே வாசித்தால் நடனமாடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். நான் வாசித்தால் ஆடிக்கொண்டிருப்பார்கள். இதில் பொறாமை இல்லை, இருந்தது, கொஞ்சம் இருந்தது, ஆனால் அவன் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான், பொறாமைப்படக்கூட நேரம் இருக்காது. இப்போது எங்கே வந்திருக்கும். முழங்கால் ஓடுகிறது. இன்னும் கூட்டம்தான். என் வாசிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கே ஞாபகமில்லை, இதுதான் விசித்திரம், மனாசேயின் சோலோ ஒவ்வொரு வளைவும் மண்டைக்குள் இருக்கிறது, என்னுடையது விரலில் இருக்கிறது, காதில் இல்லை. வாசிக்கிறவன் எப்போது கேட்டான். சொல்லிவிடலாமா. நிரஞ்சன், தம்பி, எனக்குக் கேட்கவில்லை. ஐந்து வார்த்தைகூட இல்லை. சொன்னால் முதல் பக்கத்தில் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும், லாரன்ஸ் பொய், டாக்டரம்மா பொய், ரோஸலினுக்கு முன்னால் நான் பொய். பிரியாணித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் என்னை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போவாள், வழி முழுக்கப் பேசாமல் வருவாள். அதைவிட…

முழங்கால் நின்றது. பாட்டு முடியவில்லை, தட்டு சுழல்கிறது, முழங்கால் மட்டும் நின்றது. நிரஞ்சன் குனிந்து தரையைப் பார்க்கிறார். பெர்சிஸின் முகம் மேலே திரும்பியிருக்கிறது, கண் மூடியிருக்கிறது, தொண்டை அசைகிறது. ரோஸலின், பாட்டென்றால் டிவியில் ஓடுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத என் ரோஸலின், அவள் கை என் முழங்கையில் மெதுவாக இளகி அப்படியே கிடக்கிறது, பிடிப்பதை மறந்துவிட்டது. மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு நின்று கேட்கிறார்கள். அப்படியானால் தெரிந்துவிட்டது. நான் வாசித்தால் முழங்கால் நிற்காது. எனக்கு நிம்மதியாக இருந்தது, ஒரு நிமிஷம் நிஜமாகவே நிம்மதியாக இருந்தது, பதில் கிடைத்துவிட்டது, பொய் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நிம்மதி போய் வேறு ஏதோ வந்தது, பசி மாதிரி. முழங்கால் மறுபடி ஓட ஆரம்பித்து, நின்றது, நிரஞ்சன் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். காதைப் போட்டேன். “சார்?” என்றார். “மனாசே” என்றேன். “நிச்சயமா சார்?” “வேற யாரும் அப்படி வாசிக்க முடியாது தம்பி.” ரோஸலின் என்னைப் பார்த்தாள், ஏமாற்றமா, ஆமாம், ஏமாற்றம்தான், பிறகு அதை மறைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். பெர்சிஸ், “நான் சொல்லல? மனாசே அங்கிள் மூச்சு அது, எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். நிரஞ்சன் போனில் ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டு விரலால் எழுதினார், முடிந்துபோயிற்று.

பெர்சிஸ் எழுந்து தன் போனை எடுத்தாள். மெல்போர்னில் மனாசேயின் பெண் ஜெசிந்தா, அவளுக்குக் காட்ட வேண்டுமாம், பாவம் போன வருஷம் அப்பா சாவுக்குக்கூட வர முடியாமல் போயிற்றே, இதையாவது கேட்கட்டும் என்றாள். நல்ல எண்ணம்தான். யார் குறை சொல்ல முடியும். நிரஞ்சன் முள்ளை மறுபடி செகண்ட் ஷிஃப்ட்டின் தொடக்கத்தில் வைத்தார், நான் காதை அணைத்தேன். போன் திரையில் ஒரு பெண் முகம், மனாசேயின் நெற்றி, மனாசேயின் மூக்கு, சமையலறை விளக்குக்குக் கீழே. பெர்சிஸ் என்னைக் கைகாட்டிக் கூப்பிடுகிறாள், வாங்க அங்கிள், ஜெசிக்கு உங்களைப் பார்க்கணுமாம். ரோஸலின் என்னைத் தூக்கி நிறுத்தினாள். நான்கு எட்டு நடந்து அந்தப் பழைய மர அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அதன் மேலேதான் தட்டும் சுழல்கிறது, பெட்டி ஸ்பீக்கரும் இருக்கிறது, விழுந்துவிடாமல் இருக்க உள்ளங்கையை அலமாரி மேல் ஊன்றினேன்.

டைட்டஸ் வந்துவிட்டார். ஐயோ. தரையில் மாவு இடித்தது இவரில்லை, இவர்தான் இவர், மரத்துக்குள் இருந்து கைக்கு வருகிறார், முழுசாக, காலால் மிதிக்கிற கால் கட்டை தனியாக, குச்சியால் அடிக்கிற ஸ்நேர் டிரம் தனியாக, அந்தத் தள்ளு நடை, கூட்டமாகத் தோளில் இடித்துக்கொண்டு சாலையில் வருகிற நடை, மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறுகிறது. எத்தனை வருஷம். மாஸ்டர், எத்தனை வருஷம் மாஸ்டர். திரையில் ஜெசிந்தா கண்ணைத் துடைக்கிறாள், நானும் துடைக்கிறேன், துடைக்கிற கை வேறு, ஊன்றின கையை எடுக்கவில்லை, அந்தக் கையில் எல்லாம் இருக்கிறது, கூட்டம் ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, நின்றது. மரம் வெறும் மரமானது. மூச்சு விடுகிற நேரம். அந்த வெறுமையில் கால் கட்டை இரண்டு தடவை தட்டியது, மெதுவாக, தும் தும் என்று, கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. கிளாரினெட் மரத்தில் வராது. ஆனால் என் விரல்கள் சோலோவுக்குள் போய்விட்டன, அலமாரி விளிம்பில் தானாகவே போய்விட்டன, இடது கை மூன்று விரல், பிறகு வலது, அந்த இரண்டு தட்டுக்குப் பிறகு வேறு எங்கே போகும். மனாசேக்கு அந்தத் தட்டுக் கிடையாது. மனாசேக்கு வெறுமைதான், அவன் வெறுமையிலேயே நுழைவான். ஒரு நடனத்தில் டைட்டஸ் எனக்குத் தாடையைக் காட்டினார், நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குக் காது முழுக்க இரைச்சல், ஆர்க்கெஸ்ட்ரா நின்றது எனக்குத் தெரியவில்லை, எல்லோரும் நின்று, ஹால் முழுக்க நின்று, கிளாரினெட் வரவில்லை. டைட்டஸ் ஏதோ உருட்டிச் சமாளித்தார். முடிந்ததும் திட்டு விழும் என்று நின்றேன். ஒரு சிகரெட்டை நீட்டினார். அடுத்த நடனத்தில் இருந்து எனக்கு மட்டும் அந்த இரண்டு தட்டு, பலகை வழியாக நாற்காலிக்கு, நாற்காலி வழியாக முதுகுக்கு. “உனக்கு மட்டும் மாப்பிள்ளை மரியாதைடா, கதவைத் தட்டி உள்ள கூப்பிடறார்” என்று மனாசே கிண்டல் செய்வான். மாஸ்டருக்கு என்னமோ பிடித்திருக்கிறது, அடிக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை காலமும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்திருக்கிறது. என் காது போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கத்திக்கொண்டே இருந்த மனிதன் அந்த ஒன்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அது நான். மூன்று பேரை நிறுத்தியது நான். பெர்சிஸின் தொண்டை இப்போதும் அசைகிறது, நிரஞ்சன் இப்போதும் தரையைப் பார்க்கிறார், திரையில் ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், எதற்கு, என் மூச்சுக்கு, இந்த நிமிஷம் இந்த அறையில் என் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோருக்கும் கேட்கிறது. “நான்தான்” என்றேன். குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று தெரியவில்லை. போனைப் பார்த்து, ஜெசிந்தாவைப் பார்த்து, “நான்தாம்மா அது, நான்தான்” என்றேன். அவள் கண்ணீரோடு சிரித்தாள், பெரிதாகத் தலையாட்டினாள், உதடு தெளிவாகத் தெரிந்தது. “தெரியுது அங்கிள். நீங்கதான்னு தெரியுது. சவரி அங்கிள்தானே.” இல்லை, இல்லை. “இல்லம்மா, வாசிக்கிறது” என்று ஆரம்பித்தேன், பெர்சிஸ் என் பக்கம் திரும்பினாள், கோபம் ஒன்றும் இல்லை, அன்பாகத்தான், விரலை உதட்டில் வைத்தாள், பிறகு அந்த விரலால் சுழல்கிற தட்டைக் காட்டினாள். சோலோ முடியட்டும் அங்கிள். நான் வாயை மூடினேன். எப்படி மூடினேன் என்று தெரியவில்லை, மூடிவிட்டேன். அப்போது நிரஞ்சன் வந்தார், காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னார், அணைத்த காதில் அது காற்றாகப் பட்டது, அலமாரியையும் தட்டையும் காட்டி முள் துள்ளுகிற மாதிரி விரலால் குதித்துக் காட்டினார், பிறகு என் கையை, இரண்டு கையாலும், ரொம்ப மரியாதையாக, மரத்தில் இருந்து எடுத்து எனக்கே கொடுத்தார். டைட்டஸ் போய்விட்டார். ரோஸலின் என் தோளைப் பிடித்துச் சோபாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தேன். முழங்காலைப் பார்த்தேன், அது நின்றுகொண்டே இருந்தது, ரொம்ப நேரம் நின்றது, இவ்வளவு நீளமாகவா வாசித்தேன், பிறகு ஓட ஆரம்பித்தது, ஓடி, நின்றது. பெர்சிஸ் போனை அலமாரி மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கை தட்டினாள். நிரஞ்சன் தட்டினார், ரோஸலின் தட்டினாள், திரைக்குள் ஜெசிந்தா அப்பாவுக்காகத் தட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தட்டினேன்.